ஒரு மாத்திரையை நிறுத்தப் பதினேழு மாதம்

இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற ஆளுக்குப் பொறுமை ஊறிப்போயிருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் நம் லிஃப்ட்காரரோடு ஒரு நாள்கூட இருந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். மொட்டை மாடிச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தலையைச் சொறியும் காவலாளி, வாசலில் மூட்டையை வைத்து மறித்துவிட்டு 'கதவு மூடவே மாட்டேங்குது' என்று போன் செய்யும் குடித்தனக்காரர், லிஃப்ட் வரும்வரை ஒரே பட்டனை முப்பது தரம் அமுக்குகிற அம்மாள், எல்லாரும் அவர் பிராணனை வாங்குவதற்கென்றே பிறவி எடுத்தவர்கள். இயந்திரத்தின் மேல் மட்டும் அவர் கோபப்பட்டதே கிடையாது. அது பொய் சொல்லாது, எங்கே கோளாறோ அங்கே காட்டிவிடும் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவருக்கு நாற்பத்தாறாவது வயதில் ஒரு கோளாறு வந்தது. எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் உள்ள மெஷின் ரூமில் வேலை முடிந்தது. லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. இவர் மட்டும் கீழே இறங்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, கூட வேலை பார்க்கும் மீசை அண்ணன் மேலே ஏறி வந்து பார்த்தால், கையில் பிடித்த ஸ்பானரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். என்னப்பா என்று கேட்டதற்கு, "எழுந்திருக்கணும்னு தோணலே அண்ணே" என்றார்.

இந்த மீசை அண்ணனுக்கு மீசை கிடையாது. அதை எடுத்து இருபது வருஷம் ஆகிறது. பேர் மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

டாக்டர் மனச்சோர்வு என்றார். சொந்தக்காரர்கள் காரணம் கேட்டார்கள். வேலையில் தகராறா, வீட்டில் சண்டையா, பெண்ணின் படிப்புக் கவலையா என்று ஆளாளுக்குத் தோண்டினார்கள். ஒரு காரணமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. காரணம் இல்லாத துக்கத்தை யாரும் நம்பத் தயாராக இல்லை. தினம் காலையில் ஒரு மாத்திரை என்று தொடங்கி, ஏழு வாரம் வரை ஒன்றும் தெரியாமல், எட்டாவது வாரத்தில் ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது தான் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதை அவரே கேட்டார். மனைவி சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். அந்த மாத்திரைக்கு அவர் கடைசிவரை நன்றி கெட்டவராக இருந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷம் போயிற்று. உடம்பு பெருத்தது, பகலில் கொட்டாவி கொன்றது. அக்காவின் கணவர் இறந்தபோது, தூக்கி வளர்த்த அத்தான் அவர், இவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கம் எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. டாக்டரிடம் சொன்னார். ரொம்ப நாளாக நன்றாகத்தானே இருக்கிறீர்கள், நிறுத்திவிடலாமே என்று டாக்டரும் சொன்னார். ஒரு வாரம் பாதி மாத்திரை, அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி, அப்புறம் வேண்டாம். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்திலும் ஒரு போன் வந்து பேசினார்.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது கூத்து.

முதலில் தலைக்குள் ஒரு வெட்டு. கண்ணை இடது பக்கம் திருப்பினால் 'சரக்'கென்று ஒரு கரண்டு, காதுக்குப் பின்னால் கிளம்பி விரல் நுனி வரை ஓடி அணையும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. நின்றால் தரை சாய்ந்தது. வயிறு புரட்டியது. காரணமே இல்லாமல் வியர்த்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். அழுகையைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தான் செத்ததற்கு வராத அழுகை, சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வந்தது. பஸ்ஸில் ஒருவர் இன்னொருவருக்கு எழுந்து இடம் கொடுத்ததைப் பார்த்து வந்தது. மானம் போகிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பினால், திரும்பியதற்கு ஒரு வெட்டு.

உடனே ஊரெல்லாம் வைத்தியர் ஆனது. நிறைய தண்ணீர் குடி என்றார் ஒருவர். மூச்சை அடக்கி நாலு எண்ணு என்றார் இன்னொருவர். அக்கா போன் செய்து, அந்த விஷத்தை அன்றைக்கே தொடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்றாள். உண்மையில் அப்படி அவள் அடித்துக்கொண்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மனைவியோ சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டிலும் அதே குரல்தான். "மெதுவா... மெதுவா எழுந்திருங்க... ஆங், சமர்த்து" என்பாள். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூரையின் மேல் நின்றுகொண்டு, மெதுவாக மேலே போனபடி சுவரோரத் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மீசை அண்ணனும் கூட நின்றார். நாலாவது மாடி தாண்டும்போது பக்கவாட்டில் கண்ணைத் திருப்பினார். வெட்டியது. அடுத்த வெட்டு உடனே. பிடித்திருந்த கம்பியைக் கை விட்டது, உடம்பு ஓரத்துக்குச் சாய்ந்தது. மீசை அண்ணன் ஒரு கையால் ஸ்டாப் பட்டனைத் தட்டி, இன்னொரு கையால் இவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். லிஃப்ட் நின்றது. இருட்டுக் குழிக்குள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் டப்பா கீழே போய் விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபின் மீசை அண்ணன் சொன்னார்: "இனிமே இது சரியாகற வரைக்கும் நீ மேலே ஏறக் கூடாது. ஏறினா நான் உன்கூட வேலை செய்ய மாட்டேன்."

"வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரச் சொல்றியா அண்ணே?"

"வீட்டுல எதுக்கு? ஆபீஸ்ல உக்காந்து வர்ற போனை எடு. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார். உண்மையைச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தார். அதனால் அடுத்த பல மாதங்களுக்கு, தலைக்குள் வெட்டுகிற மனிதருக்கு எல்லாரும் முதுகுக்கு வைத்தியம் சொன்னார்கள். தைலம் வந்தது. கெட்டி மெத்தை வாங்கச் சொன்னார்கள். கணக்கெழுதுகிறவர் ஒருவர், குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியை மேஜைக்குப் பக்கத்தில் தரையில் படுத்தே செய்து காட்டினார். இவர் நன்றி சொல்லிவிட்டுத் தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டார். அசைத்தால் வெட்டும்.

டாக்டரிடம் திரும்பிப் போனார். டாக்டர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், பழைய நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றார்.

"பழைய நோய் எனக்குத் தெரியும் சார். அப்போ எனக்கு எதுவுமே தோணலே. இப்போ எல்லாமே தோணுது. அதோட தலைக்குள்ள கரண்டு அடிக்குது."

"அப்படி ஒரு பிரமை இருக்கும். பதட்டம்தான் அது."

"சார், நான் இருபத்தெட்டு வருஷமா கரண்டுல வேலை செய்யறேன். நாலு தடவை நிஜமாவே அடி வாங்கியிருக்கேன். கரண்டு எது, பதட்டம் எதுன்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து இவர் ஒரு வாரம் மனசுக்குள் சண்டை போட்டார். ஆனாலும் வேறு வழியில்லாமல் மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணைத் திருப்பிப் பார்த்தார். வெட்டவில்லை. இன்னொரு தரம் திருப்பினார். ஒன்றுமில்லை.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது கோபம். ஏனென்றால் இத்தனை வருஷம் கோளாறு தேடிப் பழகிய மூளை, தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. பழைய நோய்க்கு இந்த மாத்திரை வேலை செய்ய எட்டு வாரம் பிடித்தது. இதுவோ ஒன்றரை நாளில் நின்றுவிட்டது. ஒயரைக் கழற்றினால் வருகிறது, மாட்டினால் போகிறது என்றால், கோளாறு மோட்டாரில் இல்லை. கழற்றிய விதத்தில் இருக்கிறது. ஒரு பழுதுக்காரனுக்குத் தெரிகிற இந்த விஷயம் படித்த மனுஷனுக்கு ஏன் தெரியவில்லை?

மருந்துக் கடைப் பெண்மணியிடம் இதை இரைந்து சொன்னார். வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதும் அப்போது உறைக்கவில்லை. அந்தப் பெண்மணி நிதானமாகக் கேட்டுவிட்டு, பொது மருத்துவமனையில் வியாழக்கிழமை உட்காரும் ஒரு டாக்டரம்மாவின் பேரைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை. மூன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் உள்ளே போனார். எந்தெந்தத் தேதியில் எத்தனை வெட்டு, எப்போது வாந்தி, எப்போது அழுகை என்று எழுதிவைத்த நோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, பிரமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார். டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைசிப் பக்கம் வரை ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. பிறகு, கண்ணைத் திருப்பும்போதுதான் அதிகமா என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் இவருடைய சண்டை எல்லாம் காற்றுப் போன பலூன் ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் சரியான கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

மருந்தை நிறுத்தும்போது நிறையப் பேருக்கு இப்படி வருவதுண்டு, ஆறு வருஷம் உடம்பு பழகிய ஒன்றை இரண்டு வாரத்தில் பிடுங்கியதுதான் தப்பு என்றார் டாக்டரம்மா. இப்போது பழைய அளவிலேயே கொஞ்ச நாள் நிலைக்கட்டும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அளவு சின்னதாக ஆக ஆகக் குறைப்பும் சின்னதாக ஆக வேண்டும். கடைசிக் கொஞ்சம்தான் ரொம்பக் கஷ்டம். மாத்திரையை அவ்வளவு பொடியாக வெட்ட முடியாது என்பதால் அதே மருந்தைத் திரவமாகத் தருகிறேன், ஊசி இல்லாத பீச்சாங்குழலில் அளந்து குடியுங்கள். சொந்தமாக எதையும் கூட்டக் குறைக்கக் கூடாது. பழைய சோர்வு தலைகாட்டினால், தள்ளிப்போடாமல் வர வேண்டும்.

எல்லாம் நன்றாகச் சொன்னவர், வாசல் வரை வந்துவிட்டவரைக் கூப்பிட்டு, "லிஃப்ட் மாதிரி நெனச்சுக்கோங்க, ஒவ்வொரு மாடியா இறங்கணும்" என்றார். இவர் தொழில் தெரிந்தவர்கள் எல்லாருமே எதைச் சொன்னாலும் கடைசியில் லிஃப்டில் கொண்டுவந்து முடிப்பார்கள். கல்யாண வாழ்த்திலேயே முடித்திருக்கிறார்கள். டாக்டரம்மா என்பதால் மன்னித்துவிட்டார்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகலாம் என்று பதில் வந்தது. தொடங்க ஒரு நிமிஷம், நிறுத்த ஒரு வருஷமா என்று பஸ் நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே நடந்தார்.

இப்படியாகக் காலை ஆறரை மணிக்கு ஒரு சடங்கு உண்டானது. மருந்து வாய் கூசும்படி கசந்தது. குழலின் கோடுகள் எறும்புக் கால் அளவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளப்பார். பின்னால் மனைவி வந்து நிற்பாள். "இன்னும் கொஞ்சம் கீழே... இல்லே, ரொம்பப் போயிடுச்சு... ஆங், அங்கேதான்." ஒன்பது மாடிக் கட்டடத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் லிஃப்டை நிறுத்துகிற மனுஷனுக்கு இந்த வழிகாட்டல். பகலில் மூன்று முறை போன் செய்து எப்படி இருக்கிறது என்பாள். சாயந்திரம் வந்தால் முகத்தை உற்றுப் பார்ப்பாள். அவர் சும்மா உட்கார்ந்தால் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்பாள். சிரித்தால் எதுக்குச் சிரிக்கிறீர்கள் என்பாள்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் பொறுமை அறுந்தது. குழலைத் தொட்டித் தண்ணீருக்குள் எறிந்தார். "நான் என்ன உன் கிளாஸ்ல உக்காந்திருக்கற பையனா? இருபத்துநாலு மணி நேரமும் ஆராய்ச்சியா? நிம்மதியா ஒரு கொட்டாவி விட முடியலே இந்த வீட்டுல."

அவள் வழக்கம்போல் சமாதானம் சொல்லவில்லை. தொட்டிக்குள் கையை விட்டுக் குழலை எடுத்தாள். துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாதீங்க. முதமுதல்ல உங்களுக்கு முடியாமப் போச்சே, அன்னிக்கு மீசை அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். 'தங்கச்சி, அவர் மொட்டை மாடியில இருக்கார், பயப்படாதே, நான் பக்கத்துல இருக்கேன்' அப்படின்னார். மொட்டை மாடின்னு கேட்டதும் எனக்குக் காது அடைச்சுப்போச்சு. பிள்ளைங்களைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன். பஸ்ல வர்ற முக்கால் மணி நேரமும் என்ன நெனச்சுட்டு வந்திருப்பேன்? ஆறு வருஷத்துல நீங்க ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

அவர் கேட்டதில்லை. மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கும் என்பது அவருக்குத் தொழில். அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை. குதிக்கிற எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லையே என்று மெல்லச் சொன்னார்.

"இப்போ சொல்றீங்க. அப்போ யார் சொன்னாங்க? மாத்திரை போட்டீங்க, நான் தூங்க ஆரம்பிச்சேன். இப்போ நீங்க அதைக் குறைக்கறீங்க, என் தூக்கமும் குறையுது. நீங்க அளக்கறதை நான் பின்னாலே நின்னு பாக்கறது உங்களுக்காக இல்லே. எனக்காக."

அன்றைக்கு இருவருமே வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். போவதற்குமுன் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. எப்படி இருக்கிறது என்று நாளைக்கு ஒரு தடவை மட்டும் கேட்பாள், சாயந்திரம். அவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். 'பரவாயில்லை' என்ற வார்த்தை செல்லாது. முதல் வாரம் அவருக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. 'பரவாயில்லை'யை எடுத்துவிட்டால் தன்னிடம் வேறு சொல்லே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மெல்ல மெல்ல, காலையில் எட்டு வெட்டு, சாப்பாட்டுக்குப்பின் எரிச்சல், மத்தபடி சுமார் என்று ஒப்பிக்கக் கற்றுக்கொண்டார். அவள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அளக்கும்போது மட்டும் வந்து நிற்பாள், வாய் திறக்காமல். அது ஒப்பந்தத்தில் இல்லை.

ஆபீஸ் அறையில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு போன், சுவரில் எந்தக் கட்டடத்துக்கு யார் போயிருக்கிறார்கள் என்று எழுதும் பலகை. சிக்கிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே அவசரம். கதவை நெம்பாதீர்கள், உட்காருங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று இவர் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒருவர், ஆணி ஒன்றை வைத்துக் கதவை நெம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "நெம்பாதேன்னா கேக்கமாட்டீங்களா சார்! அவசரப்பட்டா பத்து நிமிஷ வேலை பத்து மணி நேரமாயிடும்" என்று இவர் கத்தினார். எதிர் மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மீசை அண்ணன் நிமிர்ந்து இவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது.

பதினோராவது மாதம் லிஃப்ட்காரரே கதவை நெம்பியிருந்தார். நன்றாகத்தானே போகிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லாமல் இரண்டு மாதக் குறைப்பை ஒரே தாவாகத் தாவினார். பத்தாம் நாள் பழைய கூத்து அத்தனையும் திரும்பி வந்தது. தட்டுத் தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா கோபிக்கவில்லை. முந்தின அளவுக்குத் திரும்பி ஆறு வாரம் அங்கேயே நில்லுங்கள் என்றார். கோபித்திருந்தால் பதிலுக்குக் கோபிக்கலாம். இப்போது தன்மேலேயே கோபப்படுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

நின்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் இறங்கினார். ஒரு மாதம் ஒன்றுமே தெரியாது, இன்னொரு மாதம் பிழிந்து எடுக்கும். பதினேழாவது மாதம், குழலில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு வந்தபின், டாக்டரம்மா போதும் என்றார். மூன்று வாரம் லேசாக வெட்டியது. பிறகு நின்றது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீசை அண்ணன் அவரை மறுபடி லிஃப்ட் கூரைமேல் ஏற்றினார், முதல் நாள் மட்டும் இடுப்பு பெல்ட்டைத் தானே இழுத்து இழுத்துச் சரிபார்த்து.

எல்லாம் போயிற்று, எரிச்சல் மட்டும் போகவில்லை. ஒரு நாள் கவலையாகக் கேட்டார்: "அண்ணே, மருந்து போயும் இந்தக் கோபம் மட்டும் நிக்குதே, இதுவும் அதோட மிச்சமா?"

"அது மருந்து வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. நடுவுல ஆறு வருஷம் நாங்க கொஞ்சம் நிம்மதியா இருந்தோம்" என்றார் மீசை அண்ணன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். சுற்றி வளைத்து, கனைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். அவளும் பதினோரு வருஷமாகத் தினம் ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறாளாம். யாருக்கும் தெரியாது. அத்தானுக்கே தெரியாதாம், வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தாளாம். தம்பி நீயே நிறுத்திவிட்டாய், நானும் நிறுத்திவிட்டேன் என்றாள்.

"எப்போ நிறுத்தினே?"

"நேத்து."

அவருக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். விஷம் என்றாயே, தலைபாடாக அடித்துக்கொண்டேன் என்றாயே என்று நாக்கு நுனி வரை வந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார்.

"அக்கா, நான் சொல்றதை மட்டும் செய். வழக்கமா போடறதை இன்னிக்குப் போட்டுக்கோ. நீயா எதையும் நிறுத்தாதே. வியாழக்கிழமை காலையில வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கு எதுக்குடா டாக்டர்? ஒரு மாத்திரைதானே, போடாம இருந்தா ஆச்சு."

வியாழக்கிழமை அந்தப் பெஞ்சில் அக்காவும் தம்பியும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்றாள், தனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகிறார் என்றாள், இதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்றாள். அவர் தன் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டார்.

"பரவாயில்லே, தூங்கினேன்" என்றாள் அக்கா.

அவர் பேனாவை மூடினார். ஒருமுறை மூச்சை இழுத்து விட்டார். மறுபடி திறந்து, அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.